கிருமியின் பூர்வோத்தரம்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை வலுக்கத் தொடங்கியதும், காஞ்சிபுரத்திலும் அதை அடுத்த முசரவாக்கம் போன்ற கிராமங்களிலும் குழித்தறி போட்டு ஜீவனம் நடத்தும் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் கவலை ஒன்று உண்டு. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி ஏற்றிக் காயவைக்க முடியாமல் வேலை தடைப்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும்; அதைவிடப் பெரிய தொல்லை, வீட்டுக்குள்ளேயே, நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் அந்தத் தறிக்குழிக்குள்ளேயே, நிலத்தடியிலிருந்து தண்ணீர் ஊறி ஏறுவது. குடம் குடமாக இறைத்துக் கொட்டினாலும் மறுநாள் விடியும்போது குழி மீண்டும் நிறைந்திருக்கும். கல்யாண முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட சேலை தறியில் பாதியில் நிற்கும்போது, தண்ணீர் வற்றட்டும் என்று காத்திருக்க எந்த நெசவாளருக்கு வசதி இருக்கிறது? கணுக்கால் நனைய, தோல் ஊறி வெளுக்க, நாள் முழுதும் அந்தக் குழியில் கால் ஊன்றி நெய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து விழுந்தபோது சுத்தமாகத்தான் இருந்தது. கொல்லைப்புறத்து எலிவளைகளைக் கழுவிக்கொண்டு, மாட்டுக் கொட்டிலைத் தொட்டுக்கொண்டு, ஊர்க் கோடியில் பன்றிகள் புரளும் சேற்றுக் குட்டையையும் சாக்கடையையும் கலந்துகொண்டு அது வந்து சேரும்போதுதான், கண்ணுக்குப் புலனாகாத ஜீவராசிகள் பலவற்றையும் உடன் அழைத்து வருகிறது. பத்து நாள் கழித்து வீட்டில் ஒருவர் குளிர் நடுக்கத்தோடு படுக்கிறார்; கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே துடிக்கிறார்; பீளை தள்ளாமலே கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. எலிக் காய்ச்சலாக இருக்கும் என்கிறார் ஒருவர். எல்லாம் இந்தப் பன்றிகளால் வந்த வினை என்கிறார் இன்னொருவர். இப்படிப்பட்ட பேச்சு இரண்டு தெரு தாண்டுவதற்குள் தீர்ப்பாக மாறிவிடுவதையும், மனு எழுதப்படுவதையும், பன்றி பிடிக்கும் வண்டி வந்து நிற்பதையும், பன்றி வளர்ப்பதைத் தவிர வேறு பிழைப்புக்கு வழிவிடப்படாத ஏழைக் குடும்பம் ஒன்றின் சொத்து முழுவதும் ஒரே காலைப்பொழுதில் பறிபோவதையும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாம் கண்டிருக்கிறோம்.

காமாட்சியம்மன் கோயிலுக்குள்ளேயே, திருக்கள்வனூர் என்னும் திவ்யதேசத்தில், ஆதிவராகப் பெருமாளை வணங்கிவிட்டு வெளியே வருகிற நாம், அதே வராகத்தின் வம்சத்தில் வந்த பிராணியைத் தெருவில் கண்டதும் கல்லைத் தேடுகிறோம். பன்றி நோய் பரப்புவதே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பரப்புகிறது, சில சமயங்களில் பயங்கரமாகவே பரப்புகிறது. ஆனால் சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு. மனிதனைத் தாக்கிய கிருமி எங்கிருந்து வந்தது, எலியிடமிருந்தா, பன்றியிடமிருந்தா, அல்லது மனிதனே பன்றிக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டானா என்பதை, அந்தக் கிருமியின் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்து நிர்ணயிக்கும் சாஸ்திரம் இன்று கைவந்திருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தின் நியாயம் நம் ஊர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நோய்களுக்கு நாம் இட்டு வந்த பெயர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். எலிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் நோய்க்கு மருத்துவ நூல்களில் லெப்டோஸ்பைரோசிஸ் என்று பெயர். 1886-இல் ஹைடெல்பெர்க் நகரத்து அடால்ஃப் வைல் என்னும் ஜெர்மானிய மருத்துவர் காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் சிறுநீரகக் கேடும் சேர்ந்து வரும் நோயாக இதை வருணித்ததால் வைல் நோய் என்றும் வழங்கியது. ஜப்பானிய உழவர்கள் இதன் ஒரு வகையை இலையுதிர்காலக் காய்ச்சல் என்றும் மற்றொன்றை ஏழாம் நாள் காய்ச்சல் என்றும் அழைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் மலைப்புறங்களிலோ, பால்பண்ணைகளை ஒட்டிப் பன்றி மேய்த்த இளைஞர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் மூளையுறை அழற்சியும் வந்தபடியால், பன்றி மேய்ப்போர் நோய் என்றே அதற்குப் பெயர். இவையெல்லாம் வெவ்வேறு வியாதிகள் என்றுதான் உலகம் நெடுங்காலம் எண்ணிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாகாணத்துப் பொமோனா என்னும் சிற்றூரில் கண்டெடுத்து ஊரின் பெயரே சூட்டப்பட்ட லெப்டோஸ்பைரா வகைதான் சுவிட்சர்லாந்தின் பன்றி மேய்ப்போரையும் வாட்டியது என்பதை ஓட்டோ க்செல் முதலிய சுவிஸ் மருத்துவர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுவினார்கள். பூமியின் இரு கோடிகளிலிருந்த நோயாளிகள் ஒரே கிருமியால் உறவானார்கள்.

அந்தக் கிருமியின் உருவமே ஒரு கேள்வி. 1907-இல் அமெரிக்காவின் ஸ்டிம்சன் என்பவர், மஞ்சள் காய்ச்சலால் மாண்டவர் என்று கருதப்பட்ட ஒருவருடைய சிறுநீரகத் திசுவில், நுனி வளைந்த சுருள் சுருளான இழைகளைக் கண்டு, அவை கேள்விக்குறி போல் இருந்ததனால் இன்டெரோகன்ஸ் என்று பெயரிட்டார். ஜப்பானின் கியூஷூ தீவில், நீர் தேங்கிய நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களிடையே பரவிய நோய்க்கு இதுவே காரணம் என்பதை இனாடாவும் இடோவும் நிரூபித்து 1916-இல் விரிவாக வெளியிட்டார்கள். பிராணிகளின் சிறுநீரகத்துக்குள் குடியேறி, பல சமயம் அவற்றுக்கு ஒரு துன்பமும் தோன்றாதபடி அங்கேயே தங்கி, சிறுநீரோடு வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய வெதுவெதுப்பான நீரிலும் வாரக் கணக்கில் உயிரோடிருந்து, ஊறிய தோலின் கீறல் வழியாகவோ கண், மூக்கு, வாய் இவற்றின் மென்சவ்வு வழியாகவோ மனித உடலுக்குள் நுழைவது இதன் வழக்கம். சினைப் பன்றிக்கு இது வந்தால் குட்டிகள் வயிற்றிலேயே மடிந்து விழும். மனிதரில் பெரும்பாலோர் சில நாள் காய்ச்சலோடு தேறிவிடுவார்கள். சிலருக்குத்தான் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் இரத்தக்கசிவு என்று உயிரையே வாங்கும். அந்தச் சிலர் சேர்ந்தால் எவ்வளவு? 2015-இல் வெளியான ஒரு கணிப்பின்படி உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். ஏறத்தாழ 58,900 பேர் மடிகிறார்கள்.

இந்திய மண்ணில் இதன் சரித்திரம் அந்தமானில் தொடங்குகிறது. தீவாந்தர சிட்சை பெற்று அங்கே காடு வெட்டவும் வயல் திருத்தவும் ஏவப்பட்ட கைதிகளின் காய்ச்சலை ஆராய்ந்த டெய்லர், கோயல் என்னும் இருவரின் நூல் 1931-இல் வெளிவந்தது. அதற்குப் பின் உலகம் அந்தமானை மறந்தது. 1988 முதல் அதே தீவுகளில் நுரையீரலிலிருந்து இரத்தம் கக்கச் செய்யும் மர்மக் காய்ச்சல் ஆண்டுதோறும் தோன்றி, அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று ஒரு புதுப் பெயரும் பெற்று, ஐந்தாண்டுகள் கழித்து 1993-இல்தான் பழைய லெப்டோஸ்பைராவே அது என்று போர்ட் பிளேரிலுள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையத்தாரால் அடையாளம் காணப்பட்டது. தெரிந்த பகைவனே வேறு வேஷத்தில் வந்தபோது அடையாளம் காண நமக்கு ஐந்து மழைக்காலங்கள் தேவைப்பட்டன.

ஏன் இந்தத் தாமதம்? அடையாளம் காணும் உபாயம் அக்காலத்தில் அப்படிப்பட்டது. நோயாளியின் இரத்தநீரை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வளர்த்து வைத்திருக்கும் லெப்டோஸ்பைரா வகைகள் ஒவ்வொன்றோடும் கலந்து, எந்த வகை ஒட்டித் திரள்கிறது என்று இருள்புல நுண்ணோக்கியில் பார்ப்பதே பழைய வழி. இரத்தநீர் வகைகள் என்று இவ்வாறு பிரிக்கப்பட்டவை 250-க்கும் மேல். எலிக்கு இக்டெரோஹெமரேஜியே, நாய்க்குக் கனிகோலா, மாட்டுக்கு ஹார்ட்ஜோ, பன்றிக்குப் பொமோனாவும் தரசோவியும் என்று பிராணிக்கு ஒன்றாக அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணை இன்றைக்கும் பயன்படுகிறது. அதைப் பழிப்பது நன்றிகேடு. ஆயினும் அது கிருமியின் மேல்தோலை மட்டுமே பார்த்து எழுதிய அட்டவணை. ஹார்ட்ஜோ என்று ஒரே பெயரில் வழங்கியவற்றின் மரபணுவை 1980களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவற்றுள் ஒரு பகுதி ஒரு சிற்றினத்தையும் மற்றொரு பகுதி முற்றிலும் வேறான இன்னொரு சிற்றினத்தையும் சேர்ந்தவை என்று தெரியவந்தது. ஒரே நிறச் சேலை உடுத்திய இரு பெண்களை உடன்பிறந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த கதைதான்.

சேலை என்று சொன்னதும் காஞ்சிபுரத்துக்குத் திரும்ப வேண்டியதாகிறது, ஏனெனில் மரபணு வகைப்படுத்தலை விளங்க வைக்க இந்த ஊரின் தொழிலைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டை, அது காஞ்சியில் நெய்ததுதானா, எந்தக் கையின் வேலை என்று கேட்டு அனுபவம் முதிர்ந்த ஒரு ஜவுளிக்காரரிடம் நீட்டுங்கள். அவர் இழைகளையெல்லாம் எண்ணுவதில்லை. உடலும் கரையும் கோர்வையில் சேர்கிற இடத்தைப் புரட்டிப் பார்ப்பார்; முந்தியை உடலோடு இணைக்கும் பெட்னி எப்படி விழுந்திருக்கிறது என்று தடவுவார்; சரிகையைச் சற்றே சுரண்டுவார்; நூலின் முறுக்கை விரலிடையே உருட்டுவார். எங்கே கைமாற்றம் தெரியுமோ அந்தச் சில இடங்களைப் பார்த்தே பூர்வோத்தரம் சொல்லிவிடுவார். 1998-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மார்ட்டின் மெய்டனும் அவருடைய சகாக்களும் மூளையுறை அழற்சிக் கிருமிக்கு வகுத்த முறை இதையேதான் செய்கிறது. பாக்டீரியா உயிர் வாழ்வதற்கு இன்றியமையாத, ஆகையால் எளிதில் மாறாத, ஏழு மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்நூறு எழுத்து அளவுள்ள ஒரு துண்டை மட்டும் படிப்பது. படித்ததில் ஓரெழுத்து மாறினாலும் அதற்குத் தனி எண் கொடுப்பது. ஏழு எண்களும் சேர்ந்த கோவைக்கு ஒரே வகை எண் சூட்டி, உலகிலுள்ள எவரும் தம் ஊர்க் கிருமியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி பொதுவில் வைப்பது. சிங்கப்பூரிலோ சாவோ பாலோவிலோ முசரவாக்கத்திலோ எடுத்த கிருமிக்கு அதே ஏழு எண்கள் வந்தால், அவை அண்மையில் பிரிந்த ஒரே வம்சம் என்று பொருள். இழை இழையாகப் பிரித்துப் படிக்கும் முழு மரபணுத்தொகுதி வாசிப்பும் இப்போது சாத்தியமாகிவிட்டது. ஷாங்காய் விஞ்ஞானிகள் லெப்டோஸ்பைரா ஒன்றின் ஏறத்தாழ 47 லட்சம் எழுத்துகளையும் படித்து 2003-இல் வெளியிட்டார்கள். ஆனாலும் அந்த ஏழு இடங்கள் சொல்லும் சாட்சியத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இனி அந்தச் சாட்சியம் மூன்று வழக்குகளில் என்ன சொல்லிற்று என்று பார்ப்போம். மூன்றும் மூன்று விதமாக முடிந்தவை.

முதல் வழக்கு தாய்லாந்தில். 1999-க்குப் பின் அந்நாட்டின் வடகிழக்கு நெல்வயல்களில் லெப்டோஸ்பைரோசிஸ் திடீரென்று பெருகி, 2000-ஆம் ஆண்டில் மட்டும் பதினாலாயிரம் பேருக்கு மேல் தாக்கியது. வயலில் எருமை உண்டு, மாடு உண்டு, வீட்டருகே பன்றி உண்டு, எலியும் உண்டு. எதைக் குற்றம் சொல்வது? நோயாளிகளிடமிருந்து எடுத்து வளர்த்த கிருமிகளின் ஏழு மரபணுக்களைப் படித்து 2007-இல் வெளியிட்டபோது, அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 34 என்னும் ஒரே வகை எண் கொண்டவை என்று கண்டார்கள். ஒரே வம்சம் கிளைத்துத் தேசத்தையே ஆட்டிவைத்திருக்கிறது. அந்த 34-ஆம் வகை பெருச்சாளிகளின் சிறுநீரகத்திலும் இருந்தது. பன்றி விடுதலையாயிற்று. இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. பெருச்சாளிக்கு ஆங்கிலேயர் வைத்துக்கொண்ட பேண்டிகூட் என்னும் பெயர் தெலுங்கிலிருந்து போனது. பந்திகொக்கு, அதாவது பன்றி எலி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நெசவாளர் காஞ்சி வட்டாரத்தில் அநேகர். பெயரளவில் இந்த வழக்கில் பன்றிக்கும் எலிக்கும் இருந்த உறவு அவர்களுக்கு நான் சொல்லாமலே விளங்கும்.

இரண்டாவது வழக்கு சீனத்தின் சிச்சுவான் மாகாணத்தில் நடந்தது. அதில் பன்றிக்கு விடுதலை இல்லை. பன்றியின் தொண்டைச் சதையிலும் மூக்குத் துவாரத்திலும் சாதாரணமாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்னும் கிருமி மனிதனையும் கொல்லக்கூடும் என்பது 1968-இல் டென்மார்க்கில் முதன்முதலாகத் தெரியவந்தது. அதன் பிறகு பல்லாண்டுகள் வரை பண்ணையாட்களுக்கும் கசாப்புக்காரர்களுக்கும் எப்போதோ ஒருமுறை வரும் அபூர்வ வியாதியாகவே அது கருதப்பட்டது. 2005-ஆம் ஆண்டுக் கோடையில் சிச்சுவானின் கிராமங்களில் 215 பேர் அதற்கு ஆளானார்கள். 38 பேர் இறந்தார்கள். அவர்கள் யார்? வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று பன்றி வளர்த்த ஏழை விவசாயிகள். நோயுற்ற பன்றியைப் புதைத்துவிட்டால் ஓராண்டு உழைப்பு மண்ணோடு போய்விடுமே என்று, கையுறையில்லாத கையால் அதை அறுத்துத் தின்னவும் விற்கவும் துணிந்தவர்கள். அந்தக் கிருமிக்கு ஏழு மரபணு முறையை 2002-இலேயே வகுத்து, 294 மாதிரிகளைப் படித்து 92 வகைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆகையால் சிச்சுவானின் கொலையாளி யார் என்று சொல்ல அதிக நாள் ஆகவில்லை. அது 7-ஆம் வகை. உலகெங்கும் நோய் உண்டாக்கிவந்த 1-ஆம் வகையோடு ஆறு இடங்களில் ஒத்து, ஒரே ஓர் இடத்தில் மாறியது. 1998-இல் ஜியாங்சு மாகாணத்தில் 25 பேரைப் பிடித்து 14 பேரை மாய்த்ததும் இதே 7-ஆம் வகைதான். ஏழு வருஷங்களுக்கு முன்பே வாசலில் வந்து நின்ற பகைவனை அன்றைக்கே பதிவேட்டில் எழுதி, நோயுற்ற பன்றியை அறுக்காதிருக்க விவசாயிக்கு நஷ்ட ஈடும் கொடுத்திருந்தால், சிச்சுவானின் கிராமங்களில் அத்தனை வீடுகள் அழுதிருக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். வியட்நாமில், ஹோ சி மின் நகரத்து மருத்துவமனைக்கு மூளையுறை அழற்சியோடு வரும் பெரியவர்களிடம் அதிகமாகக் காணப்படும் பாக்டீரியாவே இதுதான் என்று 2008-இல் ஒரு பெரிய ஆய்வு தெரிவித்தது. அதில் பிழைத்தெழுகிறவர்களில் பெரும்பகுதியினர் செவிப்புலனை இழந்து வீடு திரும்புகிறார்கள்.

மூன்றாவது வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏறியது மனிதன். 2004-இல் நெதர்லாந்தில், நெஞ்சு அறுவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆறு மாதப் பெண் குழந்தை ஒன்றின் உடலில், மெதிசிலின் முதலிய மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியைக் கண்டார்கள். அந்தக் குழந்தைக்கு ஆஸ்பத்திரிக் கிருமி எப்படி வந்தது? பெற்றோருக்கும் அதே கிருமி இருந்தது; அவர்கள் குடியிருந்தது ஒரு பன்றிப் பண்ணை. சுற்றுவட்டாரத்துப் பன்றி வளர்ப்போரைப் பரிசோதித்தபோது, பொதுஜனங்களைவிட 760 மடங்குக்கு மேல் அதிகமாக இந்தக் கிருமி அவர்களிடம் காணப்பட்டது. ஆய்வுக்கூடங்கள் வழக்கமாகக் கையாண்ட நொதி இதன் மரபிழையை வெட்டவே முடியவில்லை. ஏழு மரபணு முறைதான் இதற்கு 398 என்று எண் கொடுத்து அடையாளம் காட்டியது. பன்றியால் வந்த புதுப் பீடை என்று ஐரோப்பா முழுவதும் பேச்சு எழுந்தது. பிறகு 19 தேசங்களிலிருந்து 89 மாதிரிகளின் முழு மரபணுத்தொகுதியையும் படித்து 2012-இல் வெளியிட்டபோதுதான் ஆதிக் கதை தெரிந்தது. இந்த வம்சம் முதலில் மனிதனிடம், மெதிசிலினுக்கு அடங்குகிற கிருமியாக வாழ்ந்தது. மனிதனிடமிருந்து பன்றிக்குத் தாவியது. கொழுக்க வைப்பதற்காகவும் நோய் வராமல் காப்பதற்காகவும் டெட்ராசைக்ளினும் பிற மருந்துகளும் தீவனத்தோடு கலந்து ஊட்டப்பட்ட அந்தப் பிராணிகளின் உடலில்தான், மருந்தை எதிர்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்டு, திரும்பவும் மனிதனிடம் வந்து சேர்ந்தது. பன்றி நமக்குக் கொடுத்ததாக நாம் புலம்பியது, நாமே அதற்குக் கொடுத்து நம் கையாலேயே கூர்தீட்டிய ஆயுதம்.

இம்மூன்று தீர்ப்புகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்கு வருவோம். நம்மிடம் அறிவு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1993-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் மதுரைப் பக்கம் பெருவெள்ளம் வந்து வடிந்த பின்னர், அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் சிவந்து பார்வை மங்கியவர்கள் வழக்கத்துக்கு மாறாக வந்து குவியத் தொடங்கினார்கள். விழியின் உட்படலத்தில் அழற்சி, காரணம் புலப்படவில்லை. அவர்களில் பலருக்குச் சில வாரம் முன்பு காய்ச்சல் வந்து போயிருந்தது என்பதை டாக்டர் எஸ். ஆர். ரத்தினமும் அவருடைய சகாக்களும் விசாரித்தறிந்து, இரத்தநீரைச் சோதித்து, வெள்ளத்தோடு பரவிய லெப்டோஸ்பைராவே கண்ணுக்குள் இந்த வேலையைச் செய்திருக்கிறது என்று கண்டு 1997-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டில், நோயாளிகளின் கண்ணின் முன்னறை நீரிலிருந்தே அந்தக் கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காட்டியதன் மூலம், சந்தேகம் பிரத்தியட்சமாயிற்று. குதிரைகளுக்குப் பௌர்ணமிக் குருடு என்று நெடுங்காலம் அறியப்பட்ட கண்நோயும் இதே கிருமியின் வேலையென்பதை நினைத்தால், பிராணி வைத்தியமும் மனித வைத்தியமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பது புரியும்.

கண் மருத்துவமனை அப்படிச் செய்ததென்றால், திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலார் வேறொரு திசையில் உழைத்தார்கள். நெல்லைத் தேடி எலி வரும், எலியைத் தொடர்ந்து கிருமி வரும் என்பதனால் சேலத்து அரிசி ஆலைத் தொழிலாளர்களின் இரத்தநீரை ஆராய்ந்த நடராஜசீனிவாசனும் அவர் சகாக்களும், ஈரோட்டில் காய்ச்சலுற்றவர்களிடமிருந்து லெப்டோஸ்பைராவையே பிரித்து வளர்த்து, அவற்றின் மரபணுக் கைரேகையை எடுத்து ஒப்பிட்டு 2004-இல் அறிவித்தார்கள். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் குழாயில் வளர்கிற கிருமி இது. இடையில் வேறொரு கிருமி புகுந்தால் எல்லாம் பாழ். அத்தகைய பொறுமையை நம் பல்கலைக்கழகத்து இளைஞர்கள் காட்டியிருக்கிறார்கள். சென்னையில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989-இல் நாட்டிலேயே முதலாவதாக அமைந்த கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த காட்டுப்பாக்கத்தில், பன்றி வளர்ப்பை முறையாகக் கற்பிக்கும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. முசரவாக்கத்திலிருந்து பேருந்தேறிப் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம்.

குறை எங்கே என்றால், இவர்களுடைய பதிவேடுகள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதில்தான். கிராமத்தில் ஒரு பன்றி குட்டிகளை அகாலத்தில் ஈன்று போட்டால் அது கால்நடைத் துறையின் விஷயம். அதற்கு நாலு வீடு தள்ளி ஒரு நெசவாளிக்குக் கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால் அது சுகாதாரத் துறையின் விஷயம். முன்னதின் சிறுநீரும் பின்னவரின் இரத்தமும் ஒரே மேஜையில் வைத்து ஒரே முறையில் படிக்கப்பட்டால், இரண்டும் ஒரே எண்ணா வேறு எண்ணா என்பது தெரிந்துவிடும். அந்த ஓர் எண், ஒரு பிராணிக்கூட்டத்தின் உயிரையும் அதை நம்பிய ஒரு குடும்பத்தின் சோற்றையும் காப்பாற்றக்கூடியது. அல்லது உண்மையிலேயே பன்றிதான் காரணமென்று காட்டி, பட்டியைச் சுத்தம் செய்யவும், பிராணிகளுக்கு மருந்திடவும், வளர்ப்போருக்குக் காலணியும் கையுறையும் கொடுக்கவும் வழி சொல்லக்கூடியது. இரண்டில் எது நடந்தாலும் அது நியாயம். இப்போது நடப்பதோ, எண் தெரியாமலே தண்டனை கொடுப்பது. மனிதரையும் பிராணிகளையும் சேர்த்தே பார்க்கும் ஒரே சுகாதாரம் என்னும் கொள்கையை மத்திய அரசாங்கம் ஒரு தேசிய இயக்கமாகவே அறிவித்திருக்கிறது. எலிக் காய்ச்சல் நிலைத்திருக்கும் மாநிலங்களுள் ஒன்றாகத் தமிழ்நாடும் அரசாங்க ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏடு தலைநகரங்களை விட்டு இறங்கி, ஆரம்ப சுகாதார நிலையமும் கால்நடை மருந்தகமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கிற கிராமம் வரையில் வர வேண்டும். லெப்டோஸ்பைராவுக்கு மட்டும் இப்படிப்பட்ட மூன்று தனித்தனி மரபணு முறைகளை வெவ்வேறு குழுவினர் வகுத்து வைத்திருப்பதால், எந்த முறையைத் தமிழ்நாடு முழுவதும் கையாள்வது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சென்னையின் எண்ணும் திருச்சியின் எண்ணும் பேசிக்கொள்ளவே முடியாது.

மழைக்காலத்து முதல் காய்ச்சலுக்கு, மருந்து கொடுக்கும் முன்பே ஒரு சிறு குப்பி இரத்தம் எடுத்துக் குளிரில் வைத்துவிட்டால், பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. பன்றி வளர்ப்பவரைக் குற்றவாளியாக அழைக்காமல் சாட்சியாக அழைத்து, அவருடைய பிராணிகளையும் சோதிக்க அவரிடம் மரியாதையாகச் சம்மதம் கேட்டால், அவர் மறுக்க மாட்டார். தம் பிராணியின் நலத்தில் அவரைவிட அக்கறை உள்ளவர் ஊரில் வேறு எவருமில்லை.

இதைப் படிக்கும் நெசவாளர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. தறிக்குழியில் தண்ணீர் ஏறும் நாட்களில் காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அதை மூடிக் கட்டாமல் இறங்காதீர்கள்; முடிந்தவரை தண்ணீரை இறைத்துவிட்டே உட்காருங்கள். காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நாளைக் கடத்தாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆரம்பத்திலேயே கொடுத்தால் டாக்சிசைக்ளினும் பென்சிலினும் இந்தக் கிருமியை அடக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே அவரிடம் சொல்லுங்கள்: எந்தத் தண்ணீரில் எத்தனை நாள் நின்றீர்கள், வீட்டைச் சுற்றி எலி உண்டா, மாடு உண்டா, பன்றி உண்டா என்று.